தானியமும் தேறலும்: ரை என்பது கம்பு அன்று

ஆங்கிலத்தில் ரை எனப்படும் தானியத்தைத் தமிழில் கம்பு என்று எழுதும் வழக்கம் பழைய மொழிபெயர்ப்புகள் சிலவற்றிலும் அகராதிகள் சிலவற்றிலும் காணப்படுகிறது. மொழிபெயர்த்தோர்மேல் குற்றம் கூறுவதற்கில்லை. குளிர்நாட்டு வயல்களில் விளையும் ஒரு பயிரைக் கண்டறியாத மக்களுக்கு, அவர்கள் நாளும் உண்ட புன்செய்த் தானியம் ஒன்றின் பெயரால் அதனை உணர்த்த முயன்றனர். ஆயினும் ரை வேறு, கம்பு வேறு. ரை கோதுமைக்கும் பார்லிக்கும் நெருங்கிய உறவு. பனியைத் தாங்கி வளர்வது. கம்பு வெயிலைத் தாங்கும் சிறுதானியம். ஆப்பிரிக்காவில் தோன்றி இந்தியாவில் நிலைத்தது. பிரிக்பீல்ட்ஸிலும், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் உள்ள மளிகைக் கடைகளில் கம்பைக் கேட்டால் பொட்டலமாகக் கிடைக்கும். அந்தப் பொட்டலத்தை ரை என்று மாணவர்க்குக் காட்டுவது பிழையாகும்.

சோளத்திலும் இத்தகைய மயக்கம் உண்டு. மலாயில் ஜாகோங் எனப்படுவதை இந்நாட்டுத் தமிழர் பேச்சில் சோளம் என்றே சொல்கிறோம். அது மக்காச்சோளம். அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, ஐரோப்பியர் வாணிகம் பரவிய பின்னரே ஆசியாவுக்கு வந்தது. தமிழகத்துப் புன்செய்களில் தொன்றுதொட்டு விளைந்த வெண்சோளமும் செஞ்சோளமும் வேறு இனம்.

பெயரில் உள்ள இந்த மயக்கம் அகராதி எழுதுவோருக்கு மட்டும் உரிய சிக்கலாகத் தோன்றலாம். ஆனால் தானியத்தின் பெயரே சட்டமாகிவிட்ட ஒரு தொழில் உலகில் உண்டு. அது விஸ்கி என்னும் தேறலைக் காய்ச்சும் தொழில். அதன் தானியக் கணக்கை அறிந்தால் பழந்தமிழ் நூல் ஒன்றின் சில அடிகள் தெளிவாகும். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் புட்டிகளின்மேல் ஒட்டப்படும் பெயர்களை எவ்வளவு நம்பலாம் என்பதும் விளங்கும்.

முளையின் வேலை

கள்ளுக்கும் தானியத் தேறலுக்கும் உள்ள முதல் வேறுபாடு சருக்கரை. தென்னம்பாளையைச் சீவினால் வடியும் பதநீரில் சருக்கரை முன்னரே இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் உள்ள காடிநுண்ணுயிர்கள் அதில் வீழ்ந்தவுடன் புளிப்பு தொடங்கிவிடும். காலையில் இறக்கிய பதநீர் அன்றே கள்ளாகும். நூற்றுக்கு நான்கு, ஐந்து பங்கு அளவில் அதில் சாராயச் சத்து சேரும். மறுநாளும் விட்டுவைத்தால் காடியாக மாறும். மரமே சருக்கரையைத் தந்துவிடுவதால் கள் இறக்குவோர்க்கு வேறு சேர்மானம் வேண்டுவதில்லை.

தானியத்தில் இருப்பதோ மாவுப்பொருள். அந்நுண்ணுயிர்களால் மாவுப்பொருளை நேரே உண்ண இயலாது. முதலில் அது சருக்கரையாக உடைபடவேண்டும். உடைக்கும் ஆற்றல் தானியத்தின் உள்ளேயே உறங்கிக் கிடக்கிறது. விதை நனைந்து முளைவிடும்போது, இளம்பயிருக்கு உணவு வேண்டி, மாவைச் சருக்கரையாக்கும் நொதிகள் அதில் பிறக்கின்றன. முளை நீள்வதற்குள் அதனை உலர்த்தி நிறுத்திவிட்டால் அந்த நொதிகள் தானியத்திலேயே தங்கும். அவ்வாறு முளைகட்டி உலர்த்திய பார்லியே மால்ட் எனப்படுவது.

இது நம் வீடுகளுக்குப் புதியதன்று. குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, மாவாக்கிக் கூழ் காய்ச்சும் தாய்மார் இம்முறையைத்தான் கையாள்கின்றனர். முளைகட்டிய மாவில் காய்ச்சிய கூழ் இளகியும் இனித்தும் இருப்பதற்குக் காரணம் அந்த நொதிகளே. பள்ளிப் பிள்ளைகள் காலையில் அருந்தும் மைலோவிலும் பார்லி மால்ட்டின் சாறு இருக்கிறது. அதில் சாராயம் இல்லை. சருக்கரையான நிலையிலேயே அது நிறுத்தப்பட்டது. புளிக்க விட்டால் பீர் வகை. அதனை வாலையில் இட்டு வடித்தால் விஸ்கி வகை. பாதை ஒன்றே, நிறுத்தும் இடம் வேறு.

கிழக்காசிய நாடுகளில் முளைக்கு மாற்றாகப் பூசணத்தைப் பயன்படுத்தும் முறை வளர்ந்தது. மலாய் மக்கள் தாப்பாய் செய்யச் சோற்றில் பொடித்துத் தூவும் வெண்ணிற வில்லையில் பூசணமும் காடிநுண்ணுயிரும் சேர்ந்தே இருக்கின்றன. பூசணம் சோற்றின் மாவைச் சருக்கரையாக்கும். மற்றது புளிக்கச் செய்யும். அந்த வில்லைக்கு மலாய் மொழியில் ராகி என்று பெயர். கேழ்வரகாகிய ராகிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. ஒலி ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வலைஞர் குடியில் ஒரு சாடி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்பில் அரிசித் தேறல் சமைக்கும் முறை வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அக்களியை வாய் அகன்ற தட்டில் இட்டு ஆற்றுகின்றனர். ஆறியபின் நல்லடையைக் கலக்கின்றனர். நல்லடை என்பதற்கு நெல்முளை என்பது உரைவழிப் பொருள். பின்னர் இரண்டு பகலும் இரண்டு இரவும் கழியவிட்டு, வலிய வாயையுடைய சாடியில் முதிரச் செய்து, வெந்நீர் வார்த்து, விரலால் அலைத்துப் பிழிந்து எடுக்கின்றனர்.

மாணவர்க்கு இப்பகுதியைப் பாடம் சொல்லும்போது, களியை ஏன் ஆற்றவேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை மேலே கூறிய நொதியில் இருக்கிறது. வேகவைத்தால்தான் அரிசியின் மாவு நீரை ஏற்று இளகும். ஆனால் கொதிக்கும் களியில் முளையைப் போட்டால் நொதிகள் அழிந்துபோகும். ஆதலின் முதலில் வேகவைத்தல், பிறகு ஆற்றுதல், அதன்பின் முளை சேர்த்தல் என்னும் வரிசை மாறலாகாது. புலவர் நொதியை அறிந்தவர் அல்லர். வலைஞர் பெண்டிரின் கைப்பழக்கத்தைக் கூர்ந்து கண்டு அவ்வரிசை பிறழாமல் பாடியிருக்கிறார்.

பழந்தமிழில் இத்தகைய பானங்களுக்கு அமைந்த பெயர்களும் எண்ணத் தக்கவை. பிழிந்து எடுத்தது பிழி. அரித்து எடுத்தது அரியல். தெளிந்து நின்றது தேறல். செய்முறையை ஒட்டியே இப்பெயர்கள் பிறந்தன. நெல்லால் சமைத்ததற்குத் தோப்பி என்று தனிப்பெயர் உண்டு. தானியத்தின் அளவைக்கொண்டு பெயர் வகுக்கும் வழக்கம் தமிழில் இல்லை. அவ்வழக்கத்தைக் காண அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்திற்குச் செல்லவேண்டும்.

ஓர் ஆலை, ஐந்து கணக்கு

கெண்டக்கியின் பார்ட்ஸ்டவுன் நகரில் 1935இல் தோன்றிய ஹெவன் ஹில் என்னும் நிறுவனம் பல வகை விஸ்கிகளைக் காய்ச்சுகிறது. ஒவ்வொரு வகைக்கும் எந்தத் தானியம் எத்தனை பங்கு என்பதை அந்நிறுவனம் மறைக்காமல் வெளியிட்டிருக்கிறது. பிற ஆலைகள் சில தம் கணக்கை வெளியிடுவதில்லை. ஆதலின் ஒப்பிட்டுக் கற்பதற்கு இந்த ஆலை ஏற்றது.

அதன் வழக்கமான போர்பன் வகையில் நூற்றுக்கு 78 பங்கு மக்காச்சோளம், 10 பங்கு ரை, 12 பங்கு முளைகட்டிய பார்லி. அதே ஆலையின் ரை வகையில் 51 பங்கு ரை, 35 பங்கு மக்காச்சோளம், 14 பங்கு முளைகட்டிய பார்லி. ரையை நீக்கிக் கோதுமை சேர்த்த போர்பன் ஒன்று உண்டு. அதில் 68 பங்கு மக்காச்சோளம், 20 பங்கு கோதுமை, 12 பங்கு முளைகட்டிய பார்லி. கோதுமை விஸ்கி என்றே பெயர்பெற்ற நான்காம் வகையில் 51 பங்கு கோதுமை, 37 பங்கு மக்காச்சோளம், 12 பங்கு முளைகட்டிய பார்லி. ஐந்தாவது மக்காச்சோள விஸ்கி. அதில் 80 பங்கு மக்காச்சோளம், 8 பங்கு ரை, 12 பங்கு முளைகட்டிய பார்லி.

இந்த ஐந்து கணக்கையும் அடுக்கிவைத்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் புலப்படும். முதலாவது, முளைகட்டிய பார்லி எல்லாவற்றிலும் 12 அல்லது 14 பங்காக இருக்கிறது. அது சுவைக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. மற்றத் தானியங்களின் மாவைச் சருக்கரையாக்கும் பொறுப்பு அதனுடையது. பெரும்பாணாற்றுப்படையின் நல்லடை செய்யும் வேலையும் அதுவே.

இரண்டாவது, 51 என்னும் எண் மீண்டும் மீண்டும் வருகிறது. அமெரிக்கச் சட்டப்படி, போர்பன் எனப் பெயரிடவேண்டுமாயின் தானியக் கலவையில் மக்காச்சோளம் நூற்றுக்கு 51 பங்குக்குக் குறையக்கூடாது. ரை விஸ்கிக்கு ரையும் கோதுமை விஸ்கிக்குக் கோதுமையும் அவ்வாறே. பாதிக்கு மேல் இருப்பதே பெயருக்கு உரியது என்பது அச்சட்டத்தின் கருத்து. ஹெவன் ஹில்லின் ரை வகை சட்டத்தின் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. எஞ்சிய பங்கில் பெரும்பகுதி மக்காச்சோளமாதலால் அதில் போர்பனின் இனிமையும் கலந்திருக்கும் என்பர் சுவை வல்லோர்.

மக்காச்சோளம் இனிப்பையும் கனத்தையும் தரும். ரை மிளகும் இலவங்கமும் போன்ற காரத்தைத் தரும். கோதுமை மென்மையைத் தரும். நூற்றுக்குப் பத்துப் பங்கு ரைக்கு மாற்றாக இருபது பங்கு கோதுமை சேர்ந்தவுடன் ஒரே ஆலையின் போர்பன் வேறு குணம் பெறுவது இதனால்தான்.

ஆயினும் தானியம் மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. ஐந்தாம் வகையில் மக்காச்சோளம் 80 பங்கு இருந்தும் அதற்குப் போர்பன் என்ற பெயர் இல்லை. போர்பனாக வேண்டுமாயின் உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் மரப் பீப்பாயில் அடைத்து வைக்கவேண்டும். மக்காச்சோள விஸ்கியை முன்பே பயன்பட்ட பீப்பாயில் வைக்கலாம். தானியம் இடங்கொடுத்தும் பீப்பாய் இடங்கொடுக்காமையால் பெயர் மாறிற்று. போர்பனின் செம்பொன் நிறம் முழுவதும் அந்த மரத்திலிருந்தே வருகிறது. வாலையிலிருந்து வடியும்போது அது நீர்போல் நிறமற்றிருக்கும்.

கொப்பரையில் சேர்க்கும் வரிசையும் கருதத்தக்கது. மக்காச்சோள மாவு இளகுவது கடினமாதலால் அதனை முதலில் கொதிநிலையை ஒட்டி வேகவைப்பர். சூடு சிறிது தணிந்தபின் ரையோ கோதுமையோ சேர்ப்பர். ஏறத்தாழ 65 பாகை வரை ஆறவைத்து, இறுதியாக முளைகட்டிய பார்லியைச் சேர்ப்பர். வெப்பமானி கொண்டு கெண்டக்கியில் செய்வதும், அகன்ற தட்டில் ஆற்றித் தொண்டைநாட்டு வலைஞர் செய்ததும் ஒரே விதியைப் பின்பற்றியவையே.

நாட்டுக்கு நாடு மாறும் பெயர்

ரை என்ற சொல் அமெரிக்காவில் 51 பங்கைக் குறிக்கும். எல்லைக்கு அப்பால் கனடாவில் அப்படியன்று. அங்கே கனடிய விஸ்கியை ரை விஸ்கி என்று வழங்குவது பழைய மரபு. சட்டமும் அதனை ஏற்கிறது. ரை சிறிதளவே சேர்ந்திருந்தாலும் பெயர் நிற்கும். ஒரே சொல் ஓரிடத்தில் அளவையும் மற்றோரிடத்தில் மரபையும் சுட்டுகிறது.

இந்தியாவின் நிலை இவ்விரண்டினும் வேறு. அங்கே விஸ்கி என்ற பெயரில் விற்கப்படுவனவற்றுள் பெரும்பகுதி, கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. கழிவுப்பாகு கரும்பினது, அதில் தானியம் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி விஸ்கி தானியத்திலிருந்தே வடிக்கப்படவேண்டும். மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் மரப்பீப்பாயில் இருக்கவும் வேண்டும். ஆதலின் கழிவுப்பாகுச் சாராயத்தை அங்கே விஸ்கி என்று விற்க முடியாது. பெங்களூரில் 1948இல் தொடங்கிய அம்ருத் நிறுவனம், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கியை 2004இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகம் செய்தபோதுதான், இந்தியத் தானிய விஸ்கி ஒன்று உலகின் கண்ணில் பட்டது. அந்நிறுவனம் பின்னர் முளைகட்டிய ரையிலிருந்தும் ஒரு வகை வடித்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தானியத்தைப் பானமாக்கும் பெருந்தொழில் பீரே. சுங்கைவேயிலும் ஷா ஆலாமிலும் உள்ள ஆலைகளில் பார்லி மால்ட் கொப்பரைகளில் இறங்குகிறது. ஆனால் தோட்டத் தமிழரின் வரலாற்றில் இடம்பெற்றவை கள்ளும் சம்சுவுமே.

தோட்டத்துக் கள்ளுக்கடை லயத்திற்கு அருகிலேயே இருந்தது. கூலி கைக்கு வந்த நாளிலேயே அதன் ஒரு பகுதி கடைக்குத் திரும்பியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்தனர். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் அவ்வாண்டு மே மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கள்ளைக் குடித்தவர்களே கள்ளுக்கடையை மூடுமாறு கேட்டார்கள் என்பதை இளைய தலைமுறை அறிதல் வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாகியும் மறைந்தபோது கள்ளுக்கடைகளும் அருகின. ஆனால் குடி குறையவில்லை. மலிவான சம்சு அவ்விடத்தைப் பிடித்தது. சம்சு என்பது சீன மொழிவழி வந்த சொல். முன்னாளில் அது பெரும்பாலும் அரிசியிலிருந்து வடித்த சாராயத்தைக் குறித்தது. இன்றைய பேச்சு வழக்கில் மலிவான சாராயம் எதற்கும் அப்பெயரே வழங்குகிறது. சுவையற்ற சாராயத்தில் நிறமும் மணமும் கூட்டி அடைத்த சிறு புட்டியும் சம்சுதான். காட்டோரத்தில் களவாகக் காய்ச்சியதும் சம்சுதான். மூலப்பொருள் எது என்று கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

பெயர் பொய்க்கும்போது

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலேசியரும், நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வேலைதேடி வந்தோரும் அவர்களுள் இருந்தனர். குடித்த புட்டிகளுள் சிலவற்றின்மேல் விஸ்கி என்று அச்சிட்டிருந்தது. 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

மெத்தனால் தானியத்தின் குற்றமன்று. தானியம் புளிக்கும்போது அது மிகச் சிறிதளவே தோன்றும். ஆலைத்தொழிலுக்கான மலிவுப்பொருளை விலை குறைப்பதற்காக வேண்டுமென்றே கலப்பதாலேயே இத்தகைய பேரிழப்புகள் நேர்கின்றன. உடலில் சென்ற மெத்தனாலை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. அவ்வமிலம் முதலில் தாக்குவது கண்ணின் நரம்பை. மாற்றம் மெல்ல நடப்பதால், குடித்தவர் பல மணி நேரம், சில வேளை ஒரு நாள் வரை, வழக்கமான போதையில் இருப்பவர் போலவே தோன்றுவார். பின்னரே பார்வை மங்கல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல் ஆகியவை வரும்.

இது பற்றி மக்களிடையே உலவும் நம்பிக்கைகள் சில ஆபத்தானவை. நாவில் வைத்தால் தெரிந்துவிடும் என்பர்; மெத்தனாலின் சுவையும் மணமும் நல்ல சாராயத்தைப் போன்றவையே. பற்றவைத்துச் சுடரின் நிறத்தைக் கண்டு சொல்லலாம் என்பர். கலப்படத்தில் அச்சோதனை நம்பத் தக்கதன்று. தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்பர். அந்தத் தூக்கத்திலேயே பார்வையையும் உயிரையும் இழந்தோர் உண்டு. குடித்த மறுநாள் கண் மங்குகிறது என்று ஒருவர் சொன்னால், அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். வேளையோடு சென்றால் மாற்று மருந்தும் குருதிச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கும்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். அவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், குடியை விலக்குக என்னும் அறத்தோடு, குடி என்பது யாது என்னும் அறிவையும் சேர்த்துக் கொடுத்தல் நன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முளைகட்டிய தானியத்தின் நொதியும் விளங்கும். தந்தை வாங்கிவரும் சிறு புட்டியின்மேல் உள்ள சொல்லுக்கும் உள்ளே உள்ள பொருளுக்கும் தொடர்பு இல்லாமல் போகலாம் என்பதும் விளங்கும். கெண்டக்கியில் ஒரு சொல்லை அச்சிட 51 பங்கு தானியம் வேண்டும். 2018இல் மாண்டவர்களின் கையிலிருந்த புட்டியில் அச்சொல்லை அச்சிட்டவர்க்கு மையும் தாளும் போதுமானவையாக இருந்தன.

ரைக்கு இனித் தமிழில் எப்பெயர் இடுவது என்ற வினா எஞ்சி நிற்கிறது. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் விளையாத பயிருக்குப் புதுப்பெயர் புனைவதைக் காட்டிலும், ரை என்றே எழுதி, கோதுமை இனத்துக் குளிர்நாட்டுத் தானியம் என்று ஒரு குறிப்பைச் சேர்ப்பது மாணவர்க்கு உதவும். கம்பைக் கம்பாகவே விட்டுவிடலாம்.